தானியேல் வாசித்த சுருள்

நம் மொழியில் ஒரு பொருளுக்கு இரண்டு சொற்கள் வழங்குமாயின், அவ்விரண்டும் ஒன்றையே சொல்கின்றனவா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. சீர்திருத்தச் சபையாரின் பழைய மொழிபெயர்ப்பில் ‘தீர்க்கதரிசனம்’ என நிற்பதை, 1995-ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பு ‘இறைவாக்கு’ என்று தருகிறது. முன்னது கண்ணைச் சார்ந்த சொல். நெடுந்தொலைவைக் காணும் காட்சி என்பது அதன் பொருள். பின்னதோ வாயையும் செவியையும் சார்ந்தது; ஒருவர் பேச மற்றொருவர் கேட்பது. எபிரேய மொழியின் ‘நாபி’ இவ்விரண்டில் எதனோடு நெருங்கியது என்பதற்கு விடுதலைப் பயண நூலின் ஏழாம் அதிகாரமே சான்று. பார்வோன் முன் மோசேயின் சார்பில் பேசப்போகும் ஆரோனை அது மோசேயின் ‘நாபி’ என்றே அழைக்கிறது. ஆரோன் அங்கே வருங்காலம் எதையும் கணித்துச் சொல்லவில்லை. தனக்குத் தரப்பட்ட சொல்லை, கேட்க விரும்பாத ஒருவன்முன் எடுத்துச் சொன்னான். அவ்வளவே.

சொல்லாராய்ச்சிக்காக இதனை நாம் எழுதவில்லை. 1999-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் நம் பங்கைச் சேர்ந்த தச்சர் ஒருவர், மடித்து மடித்து நைந்துபோன அச்சுத்தாள் ஒன்றையும் தம் விவிலியத்தையும் எடுத்துக்கொண்டு நம் வீட்டிற்கு வந்தார். அத்தாளில் பாபிலோன் முதல் நம் காலம் வரை நீண்ட கோடு ஒன்றும், கோட்டின் மேல் ஆண்டுகளும், இறுதியில் ஓர் அம்புக்குறியும் இருந்தன. அம்புக்குறி அவ்வாண்டின் முடிவைச் சுட்டியது. “சார், இதில் நாளே இருக்கிறது, நம் கோவிலில் மட்டும் ஏன் சொல்வதில்லை?” என்று அவர் கேட்டார். கேள்வியில் குறும்பு இல்லை, ஏமாற்றமே இருந்தது. பேச்சினிடையே, பத்தாம் வகுப்பில் தேறிய மகளை மேற்கொண்டு அனுப்பப் போவதில்லை என்பதையும் சொன்னார். ஆறே மாதத்தில் முடியப்போகும் உலகில் மேனிலைப் பள்ளி எதற்கு என்பது அவரது நியாயம்.

நாம் சொன்ன மறுமொழி இன்றும் நமக்கு உறுத்தலாக இருக்கிறது. தானியேல் நூல் கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அதிலுள்ள எண்கள் அந்தியோக்கு எப்பிபான் காலத்தவை, நமக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை என்று, மறைக்கல்வி வகுப்பொன்றில் கேட்டதை அப்படியே ஒப்பித்தோம். அவர் மறுத்துப் பேசவில்லை. தம் நூலை மூடி எடுத்துக்கொண்டு போனார். அவர் மகள் பள்ளிக்குப் போகவில்லை.

அவர் விவிலியத்தை மூடுமுன் ஒன்றைக் கவனித்தோம். தானியேல் ஒன்பதாம் அதிகாரத்தில் 24 முதல் 27 வரையுள்ள நான்கு வசனங்களுக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டிருந்தது. ஓரத்தில் கூட்டல் கணக்கும் இருந்தது. அதே பக்கத்தில் 4 முதல் 19 வரையுள்ள பதினாறு வசனங்களில் ஒரு புள்ளிகூட இல்லை. இறைவாக்கு நூல்களை நாம் பயில்வது எதற்காக, எதுவரை என்ற வினாவுக்கு அந்தப் பக்கத்திலேயே விடை இருந்ததென்பது நமக்குப் பின்னரே புலப்பட்டது.

அந்த அதிகாரத்தைத் தொடக்கத்திலிருந்து வாசித்துப் பார்ப்போம். அங்கே தானியேல் முதலில் ஒரு வாசகராகவே நமக்கு அறிமுகமாகிறார். எரேமியாவின் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு, எருசலேம் பாழாய்க் கிடக்க வேண்டிய ஆண்டுகள் எழுபது என்று படித்து அறிகிறார். இறைவாக்கைப் பயிலும் மாணவர் ஒருவரை விவிலியமே நமக்குக் காட்டுகிற அரிய இடம் இது. எண் கிடைத்தபின் அவர் என்ன செய்தார்? எத்தனை ஆண்டு கழிந்தது, எத்தனை மீதி என்று கூட்டிப் பார்த்ததாக நூல் சொல்லவில்லை. நோன்பிருந்து, சாக்கு உடுத்து, சாம்பலில் அமர்ந்து மன்றாடத் தொடங்கினார் என்றே சொல்கிறது. அம்மன்றாட்டுத்தான் அதிகாரத்தின் பெரும்பகுதி. அதில் தானியேல் ‘அவர்கள்’ பாவம் செய்தார்கள் என்று தள்ளி நின்று சொல்வதில்லை. ‘நாங்கள்’ என்கிறார். அந்நூல் காட்டும் தானியேலோ சிங்கக் குகையிலும் பழுதின்றி நின்றவர். குற்றம் என்று சொல்லத்தக்க ஒன்றும் அவர்மேல் இல்லை. ஆயினும் அரசர், தலைவர், தந்தையர், மக்கள் அனைவரின் குற்றத்திலும் தம்மைச் சேர்த்துக்கொள்கிறார். தம் நேர்மையை நம்பி வேண்டவில்லை, ஆண்டவரின் இரக்கத்தை நம்பியே வேண்டுகிறோம் என்று முடிக்கிறார்.

வானதூதர் கபிரியேல் வந்து எழுபது வாரங்களைப் பற்றிச் சொல்வது அதற்குப் பிறகுதான். அதுவும் நான்கே வசனங்களில். அவர் வருவது மாலைப்பலி நேரத்தில் என்று நூல் குறிக்கிறது. மாலைப்பலி செலுத்தக் கோவிலே இல்லாத காலம். எனினும் அந்த யூதன் நாளின் பொழுதுகளைப் பலிவேளையைக் கொண்டே அளந்தான். கபிரியேல் சொல்லும் மற்றொன்றும் கருதத்தக்கது. தானியேல் வேண்டத் தொடங்கியபோதே மறுமொழி புறப்பட்டுவிட்டதாம். கணக்கு முடிந்தபின் புறப்பட்டதென்று அவர் சொல்லவில்லை.

பதினாறு வசனம் மன்றாட்டு, நான்கு வசனம் எண். ஆசிரியர் தம் பொருளுக்குத் தந்த இட அளவு இது. எந்த இலக்கியத்தையும் திறனாயும்போது ஆசிரியர் எதற்கு எவ்வளவு இடம் தந்தார் என்பதை நாம் பார்ப்பதுண்டு. விவிலியத்தை மட்டும் அவ்வாறு பார்க்காமல், வேண்டிய வரியை வெட்டி எடுத்துக்கொள்கிறோம்.

தானியேல் கையிலிருந்த அந்தச் சுருளுக்கும் ஒரு கதை உண்டு. எழுபது ஆண்டு என்ற எண்ணை எரேமியா சொன்ன சூழலை அவரது நூலின் 28, 29-ஆம் அதிகாரங்களில் காண்கிறோம். கி.மு. 597-இல் எருசலேமின் ஒரு பகுதியினர் பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டுவிட்டனர். கோவிலில் மக்கள்முன் அனனியா என்னும் இறைவாக்கினன் எழுந்து, இரண்டே ஆண்டுகளில் அனைவரும் திரும்புவர், கோவில் கலங்களும் திரும்பும் என்று முழங்குகிறான். எரேமியாவின் கழுத்திலிருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டுகிறான். எரேமியாவின் முதல் மறுமொழி வியப்பானது: அப்படியே ஆகட்டும் என்கிறார். அவருக்கும் அதுதான் விருப்பம். விருப்பம் வேறு, ஆண்டவரின் சொல் வேறு என்பதை அறிந்திருந்தமையால் அன்று ஒன்றும் செய்யாமல் தம் வழியே போய்விட்டார். பின்னரே இரும்பு நுகத்தைப் பற்றிய வாக்கு அவருக்கு வந்தது.

கிட்டிய நாளைக் குறித்துக் கொடுத்தவன் இங்கே பொய் இறைவாக்கினன் என்பதை நாம் மறக்கலாகாது. எரேமியா குறித்த எழுபதோ, அதைக் கேட்டவர்களுள் பெரும்பாலோர் உயிரோடு காணமுடியாத தொலைவு. அந்த எண்ணோடு சேர்த்து அவர் பாபிலோனுக்கு எழுதிய மடலில் இருப்பவை என்ன? வீடு கட்டுங்கள், தோட்டமிட்டு அதன் பயனை உண்ணுங்கள், மணம் செய்து மக்களைப் பெறுங்கள், நீங்கள் வாழும் அந்த அயல் நகரின் நலத்துக்காக மன்றாடுங்கள் என்பவை. பகைவனின் ஊருக்காக மன்றாடச் சொன்ன இந்த மடலை, நாடு கடத்தப்பட்டோர் எவ்வளவு கசப்போடு வாசித்திருப்பர்! எழுபது என்பதும் கணக்கனின் எழுபதன்று. கோவில் அழிந்தது கி.மு. 587-இல் என்றும், இரண்டாம் கோவில் நேர்ந்தளிக்கப்பட்டது 515-இல் என்றும் கொண்டால் எழுபத்திரண்டு. முதல் நாடுகடத்தலிலிருந்து கோரேசின் ஆணை வந்த 538 வரை எண்ணினால் அறுபதுக்கும் குறைவு. ஒரு மனிதனின் முழு வாழ்நாள் என்பதே அதன் பொருள். உன் வாழ்நாளை அங்கேயே வாழ் என்று எரேமியா சொன்னார்.

இனி, அந்த நான்கு வசனங்களுக்கும் அவற்றை ஒத்த பிறவற்றுக்கும் பிற்காலத்தில் நேர்ந்ததைப் பார்ப்போம். எள்ளி நகையாட இதனைச் சொல்லவில்லை. எள்ளுவோர் இதில் எதையும் கற்கமாட்டார்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து உழவர் வில்லியம் மில்லர், போரிலிருந்து திரும்பியவர், இறைமறுப்பின் விளிம்புவரை சென்று மீண்டவர். 1816 முதல் ஏறத்தாழ ஈராண்டு விவிலியத்தையும் ஒரு சொல்லடைவையும் மட்டுமே துணையாகக் கொண்டு படித்தார். தானியேல் எட்டாம் அதிகாரத்தில் தூயகம் 2300 மாலையும் காலையும் கழிந்தபின் சீர்ப்படும் என வருவது அவரைப் பற்றிக்கொண்டது. நாளை ஆண்டாகக் கொண்டார், தூயகம் என்பதை இவ்வுலகமாகக் கொண்டார், கி.மு. 457-இல் தொடங்கி எண்ணினார். 1843 என்று விடை வந்தது. கி.மு. ஒன்றுக்கும் கி.பி. ஒன்றுக்கும் இடையே சுழி ஆண்டு இல்லை என்பது பின்னர் நினைவுக்கு வரவே, 1844 ஆயிற்று. இறுதியில் அவரைச் சேர்ந்தோர் குறித்த நாள் 1844 அக்டோபர் 22. மில்லரே அந்நாளை ஏற்கத் தயங்கி, மிகப் பிந்தியே இசைந்தார். பல்லாயிரவர் காத்திருந்தனர். விளைந்த உருளைக்கிழங்கைத் தோண்டாமல் நிலத்திலேயே விட்டவர்களும் அவர்களுள் உண்டு. விடியும்வரை விழித்திருந்து, விடிந்தபின் அழுதார்கள். அவ்வியக்கத்தின் வழிவந்தோர் இன்றும் அந்நாளைப் ‘பெரும் ஏமாற்றம்’ என்ற பெயராலேயே நினைவுகூர்கின்றனர். (தோண்டாமல் விட்ட ஒருவரின் கிழங்கு மட்டும் அவ்வாண்டின் அழுகல் நோய்க்குத் தப்பி நல்ல விலைக்குப் போனதென்று அவர்களுடைய மரபு சொல்கிறது. ஆண்டவர் சிரிப்பதும் உண்டு போலும்.) மில்லர் தாம் பிழைத்ததை மறைக்கவில்லை, நம்பிக்கையைக் கைவிடாமல் 1849-இல் காலமானார்.

அவர் கணக்கில் பிழை எங்கே? கூட்டலில் இல்லை. தானியேலின் எட்டாம் அதிகாரமே, காட்சியில் வந்த வெள்ளாட்டுக்கிடாய் கிரேக்க அரசு என்று வெளிப்படையாகப் பெயர் சொல்லிவிடுகிறது. அன்றாடப் பலியை நிறுத்தும் சிறு கொம்பு அந்த அரசிலிருந்தே முளைக்கிறது. மாலையும் காலையும் என்பன கோவிலில் நாள்தோறும் ஒப்புக்கொடுக்கப்பட்ட இரு பலிகள். 2300 பலிகள் நின்றுபோவதென்றால் 1150 நாள். மூன்றாண்டும் சில நாள்களும். கி.மு. 167-இல் அந்தியோக்கு கோவிலைத் தீட்டுப்படுத்தியதையும், 164-இல் யூதா மக்கபே அதனைத் தூய்மை செய்ததையும் மக்கபேயர் நூலில் படிக்கிறோம். ஓய்வுநாளைக் கடைப்பிடித்தமைக்காகவும் பிள்ளைக்கு விருத்தசேதனம் செய்தமைக்காகவும் கொல்லப்பட்டுக்கொண்டிருந்த மக்களுக்கு, இன்னும் எத்தனை மாலை, எத்தனை காலை என்பது புதிர்க் கணக்காக இருந்திருக்க முடியாது. தாங்கும் அளவுக்குத்தான் இது நீளும், கொடியவனின் நாள்களும் எண்ணப்பட்டவையே என்ற ஆறுதலாக அது அவர்களை எட்டியது. மில்லர் அந்த மக்களை வரிகளிலிருந்து அகற்றிவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்.

நமக்கு இன்னும் அருகிலும் இது நிகழ்ந்ததுண்டு. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 1861-இல் திருமுழுக்குப் பெற்று, திருவிதாங்கூரில் ஆங்கிலிக்கன் சபைக் குருவாகப் பணியாற்றிய யுஸ்துஸ் யோசப்பு என்பார் கல்வியும் பாப்புனையும் ஆற்றலும் உடையவர். 1870-களில் அங்கே எழுந்த எழுப்புதல் இயக்கத்தில் முன்னின்ற அவர், 1875-இல் இன்னும் ஆறாண்டில் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். அவரைப் பின்பற்றியோர் ‘ஆறாண்டுக் கட்சியார்’ எனப் பெயர் பெற்றனர். 1881 வந்தது, போனது. ஒரு புதிய யுகம் தொடங்கிற்று என்று பொருள் சொல்லப்பட்டு, யுயோமயம் என்னும் தனிச்சபை எஞ்சியது. உள்ளத்தை உருக்கும் பாடல்களை இயற்றவல்ல ஒருவர், பாட்டில் எண் என்பது எண்ணாக மட்டும் இருப்பதில்லை என்பதை நம் எல்லாரையும்விட நன்கு அறிந்திருக்க வேண்டியவர். அவரே அதை மறந்தது நமக்கு விளங்காத துயரம்.

1970-இல் வெளிவந்து கோடிக்கணக்கில் விற்பனையான ஹால் லின்ட்சேயின் நூலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இஸ்ரயேல் நாடு உருவான 1948-ஐத் தொடக்கமாக வைத்து, ஒரு தலைமுறைக்கு நாற்பதாண்டு என்று எண்ணும் வழியைக் காட்டியது அது. பத்துக் கொம்புள்ள விலங்கை ஐரோப்பியப் பொதுச் சந்தையில் கண்டது. 1981-இல் கிரேக்கம் சேர்ந்து அச்சந்தையின் நாடுகள் பத்தானபோது பலர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருப்பர். 1986-இல் இசுப்பானியாவும் போர்த்துகலும் சேர்ந்து பன்னிரண்டாயிற்று. வடக்கிலிருந்து வரும் பகைவனாகச் சொல்லப்பட்ட சோவியத் ஒன்றியம் 1991-இல் கலைந்தது. இத்தகைய நூலில் நாம் காணும் பெருங்குறை அது பொய்த்தது என்பதன்று. வாசகன் தன்னைப் பற்றி எதையும் கேட்டுக்கொள்ளத் தேவையில்லாதபடி அது எழுதப்பட்டிருக்கிறது. தீமை முழுவதும் வடக்கிலோ கிழக்கிலோ இருக்கிறது. வாசகன் இருக்கையில் சாய்ந்து நிலப்படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். தானியேலின் ‘நாங்கள்’ அங்கே எங்கும் இல்லை.

இவை பிற சபையாரின் பிழைகள் என்று நாம் ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கலாப்ரியாவில் வாழ்ந்த மடாதிபதி யோவாக்கிம் வரலாற்றை மூன்று காலங்களாகப் பகுத்தார். திருவெளிப்பாட்டின் 1260 நாளைக் கொண்டு அவரைப் பின்பற்றியோர் 1260-ஆம் ஆண்டைக் குறித்தனர். அவ்வாண்டு இத்தாலிய நகரத் தெருக்களில் தம்மைத் தாமே சவுக்கால் அடித்துக்கொண்டு கூட்டங்கூட்டமாக மக்கள் சென்றனர். பிரான்சிஸ்கு சபைத் துறவி சலிம்பேனே, அவ்வாண்டு கடந்தபின் தாம் அந்தக் கொள்கையை விட்டுவிட்டதாகத் தம் வரலாற்று ஏட்டில் எழுதிவைத்துள்ளார். இறுதியில், ஐந்தாம் இலாத்தரன் சங்கம் 1516 திசம்பர் 19 அன்று மறையுரையாளர்களுக்கு ஓர் ஆணை விடுத்தது: எதிர்க்கிறிஸ்துவின் வருகைக்கோ இறுதித் தீர்ப்புக்கோ நாள் குறித்து எவரும் போதிக்கலாகாது. தச்சர் கேட்டாரே, நம் கோவிலில் ஏன் சொல்வதில்லை என்று; அதற்கு நேரான விடை இதுதான். நாம் இதனை அவருக்குச் சொல்லவில்லை. அன்று நமக்கே தெரியாது.

தடை மட்டும் சொன்னால் போதுமா என்றால், போதாது. புனித அகுஸ்தினாரின் மடல் ஒன்று இங்கே நமக்கு உதவுகிறது. தல்மாத்தியா நாட்டுச் சலோனாவின் ஆயர் எசிக்கியு, தானியேலின் வாரங்கள் உலக முடிவைக் குறிக்கின்றனவா என்று அவரைக் கேட்டிருந்தார். உரோமை சூறையாடப்பட்டுப் பத்தாண்டு நிறையாத காலம். கேள்வி வீண் ஆர்வத்தில் எழுந்ததன்று. 419-ஆம் ஆண்டளவில் அகுஸ்தினார் நீண்ட விடை எழுதினார். நற்செய்தி உலகெங்கும் எட்டிவிட்டது என்ற வாதத்துக்கு, இங்கே ஆப்பிரிக்காவிலேயே அதைக் கேளாத இனங்கள் எண்ணற்றவை உள்ளன என்று தம் வீட்டு வாசலைக் காட்டினார். பின்னர் மூன்று ஊழியர்களை நம் கண்முன் நிறுத்துகிறார். தலைவர் விரைவில் வருவார், ஆகவே விழித்திருப்போம் என்கிறான் ஒருவன். அவர் வரக் காலம் ஆகலாம், ஆயினும் நம் வாழ்வு குறுகியது, ஆகவே விழித்திருப்போம் என்கிறான் இன்னொருவன். எப்போது வருவாரோ எனக்குத் தெரியாது, ஆகவே விழித்திருப்போம் என்கிறான் மூன்றாமவன். மூவரும் தலைவரை விரும்புகிறவர்களே. முதலாமவன் சொல்வது நடக்கவேண்டும் என்றே அகுஸ்தினாரும் ஆசைப்படுகிறார். ஆனால் அவன் சொன்னபடி நடவாவிட்டால், அவனை நம்பியவர்கள் தலைவர் வரவே மாட்டார் என்று எண்ணிவிடக்கூடுமே என்ற அச்சம் அவருக்கு. மூன்றாமவன் மட்டும் தவறுவதற்கு இடமில்லை. தெரியாது என்று சொல்வதை அறிவின் தோல்வியாகக் கருதாமல் அன்பின் ஒரு வடிவமாகவே அவர் கண்டார். அவருக்குச் சற்று முன்னர், 407-இல், தானியேலுக்கு உரை எழுதிய புனித ஜெரோம் எழுபது வாரங்களுக்கு அதுவரை சொல்லப்பட்ட விளக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிவிட்டு, தீர்ப்பை வாசகருக்கே விட்டுவிட்டார். வாதப்போரில் யாருக்கும் விட்டுக்கொடாத ஜெரோம் இங்கே அடங்கியதே ஒரு பாடம்.

தெரியாது என்பதற்கு ஆண்டவரே எல்லையிட்டிருக்கிறார் என்பதை மாற்கு பதின்மூன்றாம் அதிகாரத்தில் காண்கிறோம். அந்த நாளைத் தந்தையைத் தவிர மகனும் அறியார் என்கிறார். திருத்தூதர் பணிகளின் தொடக்கத்தில், காலங்களை அறிவது உங்களுக்கு உரியதன்று என்று சொல்லி, உடனே அவர்களைச் சாட்சிகளாக அனுப்புகிறார்.

இன்னும் ஆழமாக இந்த எல்லையைக் காட்டுவது யோனா நூல் என்பது நம் கருத்து. விவிலிய இறைவாக்குகளுள் மிகத் தெளிவான காலக்கெடு யோனாவினுடையது: நாற்பது நாள். அது நிறைவேறவில்லை. நினிவே மனம் மாறியது. ஆண்டவரும் தாம் சொன்ன தண்டனையை விலக்கிக்கொண்டார். யோனா நகருக்குக் கிழக்கே பந்தல் போட்டு, என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று உட்கார்ந்தார். நாள் குறித்துவிட்டுக் காத்திருப்போர் அனைவரின் ஓவியமும் அந்தப் பந்தலில் இருக்கிறது. தம் சொல் பலித்தால் போதும், ஊர் அழிந்தால் என்ன என்ற நிலைக்கு அவர் வந்துவிட்டார். நிழல் தந்த ஆமணக்குச் செடி பட்டுப்போனதற்கு வருந்தியவர், ஓர் இலட்சத்து இருபதாயிரம் மக்களுக்காக வருந்தவில்லை. ஆண்டவர் அவரிடம் கேட்கும் கேள்வியோடு நூல் முடிந்துவிடுகிறது. யோனாவின் மறுமொழி நமக்குத் தரப்படவில்லை. இறைவாக்கு நிறைவேறாமற்போனதே அதன் வெற்றியாக அமையும் என்பதை இவ்வளவு துணிவாகச் சொன்ன நூல் வேறில்லை.

தமிழ் வாசகர்க்கு இது முற்றிலும் அயலன்று. சேரன் அவையில் நிமித்திகன் ஒருவன் இளையவனுக்கே அரசு என்று குறி சொல்ல, அண்ணன் செங்குட்டுவன் மனம் நோகாதிருக்க வேண்டி இளங்கோ துறவு பூண்டார் என்ற வரலாற்றை நாம் அறிவோம். குறி பொய்த்தது, நமக்குச் சிலம்பு கிடைத்தது. ஆனால் நிமித்திகன் வேறு, இறைவாக்கினர் வேறு. நிமித்திகனுக்குத் தன் சொல்லைக் கேட்பவர் என்ன ஆனாலும் கவலையில்லை. இறைவாக்கினருக்கோ கேட்பவர் மாறவேண்டும் என்பதே கவலை.

அப்படியாயின், கிறிஸ்துவைப் பற்றிய முன்னறிவிப்பு என்று நாம் போற்றுவன என்னாகும் என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டியதே. எசாயா ஏழாம் அதிகாரத்தில் கன்னியின் மகனைப் பற்றிய அடையாளம் ஆகாசு அரசனுக்குத் தரப்பட்டது. கி.மு. 735-ஐ ஒட்டி, சிரியாவும் வடநாட்டு இஸ்ரயேலும் எருசலேமை நெருக்கிய வேளை. அந்த எபிரேயச் சொல் மணப்பருவத்து இளம்பெண்ணைக் குறிப்பது. கிரேக்க மொழிபெயர்ப்பு ‘கன்னி’ என்றது. மத்தேயு அதனை மரியாவிடம் முழுமையாகக் கண்டார். நடுங்கிய அரசனுக்குக் கடவுள் நம்மோடு என்று சொன்ன வாக்கே, அவன் அறிந்திராத அளவில் பெத்லகேமில் உடலெடுத்தது என்பது நம் விசுவாசம். முன்னிருந்து பின்னோக்கிக் கணித்து எவரும் அங்கே வந்து சேரவில்லை. எம்மாவு வழியில் உயிர்த்த ஆண்டவரே மோசே முதல் இறைவாக்கினர் அனைவரையும் விளக்கிச் சொன்னபின்பும், அவ்விருவர் அவரைக் கண்டுகொள்ளவில்லை. உள்ளம் மட்டும் பற்றி எரிந்தது. கண்டுகொண்டது அப்பத்தைப் பிட்டபோது. இறைவாக்கைப் பயில்வதால் வரும் பயனும் அதன் எல்லையும் அந்த ஒரு மாலையில் அடங்கிவிடுகின்றன. அந்த வழிநடை இல்லாமல் உள்ளம் எரியாது. வழிநடை மட்டும் போதியதாகவும் இல்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தந்த இறை வெளிப்பாடு பற்றிய ஏடு, விவிலிய ஆசிரியர் கையாண்ட இலக்கிய வகையை அறிந்து வாசிக்கப் பணிக்கிறது. விவிலிய ஆணைக்குழு 1993-இல், எழுத்தை எழுத்தாகவே பற்றிக்கொள்ளும் வாசிப்பு ஆபத்தானது என்று கடிந்து சொன்னது. வாழ்வின் சிக்கலுக்கு உடனடி விடை தேடுவோரை அது ஈர்க்கும் என்பதையும் சுட்டியது. இரண்டையும் நாம் மனமார ஏற்கிறோம். ஆயினும் இவற்றைப் படித்த நம் போன்றோர் செய்யும் பிழை ஒன்று உண்டு. எண்களை அந்தியோக்கின் காலத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுகிறோம். மில்லர் அந்த மக்களை அகற்றி எண்ணை வைத்துக்கொண்டார். நாம் எண்ணோடு சேர்த்து நூலையே அருங்காட்சியகத்தில் வைத்துப் பூட்டுகிறோம். இரு வழியிலும் அந்த வாக்கு நம்மிடம் எதையும் கேட்பதில்லை. ஆமோசு எளியவரை ஒரு சோடிக் காலணிக்கு விற்றவர்களைச் சாடியதை, எட்டாம் நூற்றாண்டுச் சமாரியாவின் பொருளாதாரம் என்று விளக்கிவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்கிவிடலாம். திருவருகைக்காலத்தில் எசாயாவை வாசிக்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் அவ்வேளை கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கிறோம்? தச்சராவது அந்நூலைச் சிவப்பு மை கொண்டு வாசித்தார். நம் விவிலியங்களில் எந்த மையும் இல்லை.

அவருக்கு அன்று நாம் சொல்லியிருக்க வேண்டியது, இது உங்களுக்குரியதன்று என்பதல்ல. மேலே இருக்கும் பதினாறு வசனங்களையும் சேர்த்து வாசிப்போம் என்பதே. எரேமியாவின் மடலையும் எடுத்துக் காட்டியிருக்கலாம். அவ்வாண்டு முழுவதும் அவர் பிறர் கட்டிய புது வீடுகளுக்குக் கதவும் நிலையும் செய்துகொண்டுதான் இருந்தார். திசம்பர் முப்பத்தொன்றாம் நாள் நள்ளிரவுத் திருப்பலிக்குக் குடும்பத்தோடு வந்திருந்தார். புத்தாண்டு வாழ்த்துச் சொன்னோம், அவரும் சொன்னார். அச்சுத்தாளைப் பற்றி இருவரும் பேசவில்லை. அவர் மகள் அதற்குள் தீப்பெட்டி ஒட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மறு ஆண்டு பள்ளிக்கு அனுப்பலாமே என்று நாம் சொன்னபோது, அவளே வேண்டாம் என்றுவிட்டாள். பின்னர் மணமாகி, இப்போது தந்தையுடனேயே இருக்கிறாள்.

சென்ற திருவருகைக்காலத்தில் அன்பியக் கூட்டம் அவர் வீட்டில் நடந்தது. அதே விவிலியம், அட்டை மாற்றிக் கட்டப்பட்டது. கூட்டம் முடிந்து பிறர் போனபின், தானியேல் ஒன்பதாம் அதிகாரத்தை வாசிக்கலாமா என்று நாமே கேட்டோம். அவர் ஒரு கணம் நம்மைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். சிவப்புக் கோடு மங்கியிருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நான்காம் வசனத்திலிருந்து உரக்க வாசிக்கத் தொடங்கினார். ‘நாங்கள்’ என்று வரும் இடங்களில் விரல் நின்று நின்று நகர்ந்தது. பதினோராம் வகுப்பில் படிக்கும் பேத்தி அடுத்த அறையில் வேதியியல் பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அவள் குரல் உயர்ந்தபோது அவர் சற்று நிறுத்தினார். பிறகு, விட்ட வரியிலிருந்து மீண்டும் வாசித்தார்.